வெற்றுத் தோட்டாவும் முல்லோயா ரவையும்

சரித்திர நிகழ்ச்சிகளைச் சித்திரிக்கும் திரைப்படங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு புகழுரை தவறாது காதில் விழுகின்றது. "அந்தக் காலத்துத் துப்பாக்கியையே தேடிப் பிடித்து வெடிக்க வைத்திருக்கிறார்கள், எல்லாம் அசல்!" என்பதே அப்புகழுரை. மேல்நாடுகளிலே இதற்கென்றே சங்கங்கள் உள்ளன. பழைய ரைபிள்களையும் அவற்றுக்கேற்ற சீருடைகளையும் பெருஞ்செலவில் சேகரித்து, வாட்டர்லூவையும் கெட்டிஸ்பர்க்கையும் விடுமுறை நாட்களில் மைதானங்களிலே மீண்டும் நடத்திக் காட்டுவது அவற்றின் பொழுதுபோக்கு. ஆயுதமும் ஆளும் தேவைப்படும்போது திரைப்படக் கம்பெனிகள் இச்சங்கங்களை நாடுகின்றன. 1993இல் வெளிவந்த 'கெட்டிஸ்பர்க்' என்னும் அமெரிக்கப் படத்தில் இவ்வாறான ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கில் அணிவகுத்து நின்றனர்.

துப்பாக்கி அசலாக இருந்துவிட்டால் சரித்திரமும் அசலாகிவிடுமா? இக்கேள்வியை மலையகத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து ஆராய்வது பயனுடையது என்று கருதுகிறோம். எமது மலைகள் திரைப்படக்காரரின் வெற்றுத் தோட்டாவையும் கேட்டிருக்கின்றன; பொலிசாரின் மெய்த் தோட்டாவையும் கேட்டிருக்கின்றன. முன்னதற்கு உலகப் புகழ் உண்டு. பின்னதை ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பயிலும் மாணவர்களிலேயே எத்தனை பேர் அறிவர்?

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும். கருவியை அறியாது கலையை மட்டும் பேசுவது எமது விமர்சகர்கள் சிலரிடம் ஊறிப்போன பழக்கம். வெற்றுத் தோட்டா என்றதும் அது தீங்கற்ற விளையாட்டுப் பொருள் என எண்ணிவிடலாகாது. பித்தளைக் கோது, அதன் அடியிலே தட்டியதும் தீப்பற்றும் சிறு கேப், உள்ளே வெடிமருந்து ஆகிய மூன்றும் மெய்யான தோட்டாவில் உள்ளவையே. இல்லாதது ஈயரவை ஒன்றுதான். ரவை இருக்கவேண்டிய வாயை நெரித்து மடித்தோ, காகிதம் முதலியவற்றாலான தக்கையால் அடைத்தோ விடுகிறார்கள். விசையை இழுத்ததும் கொதிக்கும் வாயுவும் எரியாத மருந்துத் துகளும் தக்கையும் குழல்வாயிலிருந்து பாய்கின்றன. சில அடி தூரத்துள் நிற்பவனின் கண்ணைப் பறிக்க அது போதும். தலையோடு சேர்த்து வைத்தால் உயிரையே பறிக்கும். 1984 அக்டோபரில் ஜோன் எரிக் ஹெக்சம் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர், படப்பிடிப்பு இடைவேளையில் வேடிக்கையாகத் துப்பாக்கியை நெற்றிப்பொட்டிலே வைத்து விசையை இழுத்தார். ஆறு நாட்களின்பின் மாண்டார். துப்பாக்கியில் இருந்தது வெற்றுத் தோட்டாவே.

பழைய ரகத் துப்பாக்கிகளைப் படக்காரர் விரும்புவதற்குத் தொழில்முறைக் காரணமும் ஒன்றுண்டு. உலக யுத்தங்கள் இரண்டிலும் பிரித்தானியப் படைகள் தாங்கிய .303 லீ என்ஃபீல்ட் ரைபிளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் சுடுபவனே தன் கையால் தாழ்க்கோலை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறான். ஆகவே உள்ளே ரவை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, பொறி தன் வேலையைச் செய்யும். தானாக ஏற்றிக்கொள்ளும் பிற்காலத் துப்பாக்கிகள் அப்படியல்ல. அவை வெடிப்பின் அழுத்தத்தால் இயங்குபவை. ரவை இல்லாதபோது அழுத்தம் போதாது. குழலின் வாயை ஒரு துளையிட்ட அடைப்பானால் சுருக்கினால்தான் அவை தொடர்ந்து வெடிக்கும். அவ்வாறு சுருக்கப்பட்ட குழலினுள் தவறிப்போய் ஒரு மெய்த் தோட்டா நுழைந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதற்கும் முந்திய கருமருந்துத் துப்பாக்கிகளோ வெண்புகையைக் கக்கிக் காட்சியை அழகுபடுத்துகின்றன. ஆனால் அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் குழல் துருவேறிப்போகும்.

இன்னொரு நுட்பத்தையும் குறிப்பிடவேண்டும். ரவை பாயாத துப்பாக்கி தோளை உதைப்பதில்லை. அந்த உதையை நடிகன் நடித்துக் காட்டவேண்டியிருக்கிறது. படத்திலே நாம் கேட்கும் வெடியோசையும் பெரும்பாலும் அவ்விடத்தில் பதிவானதன்று. பின்னர் ஒலிக்கூடத்தில் சேர்க்கப்படுவது. 'அசல்' என்று கொண்டாடப்படும் காட்சியில் இவ்வாறு செம்பாதி பாவனையாகவே இருக்கின்றது. பாவனை தவறு என்று நாம் சொல்லவில்லை, கலையே பாவனைதான். எதைப் பாவனையாகக் காட்டலாம், எதை மெய்யாக வைத்திருக்கவேண்டும் என்று தெரிந்தெடுப்பவர் யார், எந்த நோக்கிலே தெரிந்தெடுக்கிறார் என்பதுதான் எமது விசாரணை.

இவ்விஷயத்தில் உயிரிழப்புகளை வெறும் விபத்துகளென்று ஒதுக்கிவிடுவது முதலாளித்துவப் பத்திரிகைகளின் வழக்கம். 1993 மார்ச் 31இல் 'தி குரோ' படப்பிடிப்பில் பிராண்டன் லீ இறந்த விதத்தைப் பாருங்கள். கமராவுக்கு அருகில் காட்டுவதற்கு ரவையோடு கூடிய, ஆனால் மருந்தில்லாத, போலித் தோட்டாக்கள் தேவைப்பட்டன. ஆயத்தமானவற்றை வாங்காமல் மெய்த் தோட்டாக்களைப் பிரித்து, மருந்தைக் கொட்டி, ரவையை மறுபடி செருகி அங்கேயே தயாரித்தனர். கேப்பை அகற்ற மறந்தனர். யாரோ விசையை இழுக்க, கேப்பின் சிறுவலிமையால் ரவை நகர்ந்து குழலின் நடுவே சிக்கிக்கொண்டது. அதன்பின் அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது, சிக்கியிருந்த ரவை மெய்யான வேகத்தோடு பாய்ந்து நடிகரின் வயிற்றில் தைத்தது. குழலினுள் ஒருமுறை எட்டிப் பார்க்க ஓர் ஆள் நியமிக்கப்பட்டு, அவருக்கு அதற்கான நேரமும் கொடுக்கப்பட்டிருந்தால் அம்மரணம் நேர்ந்திராது.

2021 அக்டோபர் 21இல் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' என்னும் படத்தின் ஒத்திகையில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் கொல்லப்பட்டார், இயக்குநர் காயமடைந்தார். பழங்காலக் கோல்ட் ரிவால்வரின் மாதிரியில் செய்யப்பட்ட துப்பாக்கி அது. போலித் தோட்டாக்களுக்கிடையே மெய்த் தோட்டா கலந்திருந்தது. ஆயுதப் பொறுப்பாளராயிருந்த இளம்பெண்ணுக்கு 2024இல் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. துப்பாக்கியைக் கையில் வைத்திருந்த பெருநடிகர்மீதான வழக்கு, அரசதரப்பு சாட்சியப் பொருளை மறைத்த காரணத்தால் அதே ஆண்டு தள்ளுபடியாயிற்று. உலகப் பத்திரிகைகள் நடிகரின் பெயரையே பல்லவியாகப் பாடின. எமது வாசகர்கள் கவனிக்கவேண்டிய செய்தி வேறொன்று. அன்று காலையில்தான் கமராப் பிரிவுத் தொழிலாளர்கள் சிலர், தங்குமிட வசதி, ஊதியம், பாதுகாப்பு ஆகியவை குறித்து முறையிட்டுப் பயன் காணாது வேலைத்தலத்தைவிட்டு வெளியேறியிருந்தனர். தேயிலைத் தொழிற்சாலையின் உருளையில் கை சிக்கியவரையும் கொழுந்து லொறி கவிழ்ந்து இறந்தவரையும் அறிந்த எமக்கு இக்கதை புதிதன்று. மேலிடம் அவசரப்படுகிறது, செலவு குறைக்கப்படுகிறது, முறையீடு குப்பைக்கூடைக்குப் போகிறது, பின்னர் அடிமட்டத்தில் ஒருவர் கைகாட்டப்படுகிறார்.

(தமிழ்த் திரையுலகில் நெடுங்காலம் மரத்துப்பாக்கியும் கேப்பு வெடியுமே ஆட்சி செலுத்தின. அதன் சரித்திரத்திலே மிகப் பிரசித்தமான மெய்யான வெடி 1967 ஜனவரி 12இல் கேட்டது. அது படப்பிடிப்புத் தளத்தில் வெடித்ததன்று, எம்.ஜி.ஆரின் ராமாவரம் வீட்டில், எம்.ஆர். ராதாவின் கையிலிருந்து வெடித்தது.)

இனி எமது மலைக்கு வருவோம். கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதையில் கித்துல்கல என்னும் ஊர் இருக்கிறது. 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்துக்காக அங்கே களனி கங்கையின்மேல் மரப்பாலம் ஒன்று கட்டப்பட்டு, 1957இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அக்காட்சியைக் காணப் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவே நேரில் வந்திருந்தார். டேவிட் லீன் இயக்கிய அப்படம் ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது. இன்றும் உல்லாசப் பயணிகள் அவ்விடத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர்.

படத்தின் கதை யாது? இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் சியாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இட்ட ரயில்பாதையில், பிரித்தானியப் போர்க்கைதிகள் ஒரு பாலம் கட்டுகின்றனர். கைதிகளின் தலைவரான கர்னல், தம் படையின் ஒழுங்கையும் திறமையையும் நிலைநாட்டும் வெறியில், எதிரிக்கு நல்லதொரு பாலத்தையே கட்டிக் கொடுத்துவிடுகிறார். யுத்தத்தின் அபத்தத்தை இடித்துரைக்கும் நோக்கு அதில் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்டுகளென ஹாலிவுட்டில் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் என்பதும், அவர்களுக்குரிய பரிசு மூலநாவலாசிரியர் பியர் பூலுக்கு வழங்கப்பட்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

ஆனால் மெய்யான ரயில்பாதையைக் கட்டியவர் யார்? 1942, 1943ஆம் ஆண்டுகளில் அங்கே உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களிலும் பன்மடங்கு பெருந்தொகையினராய் இரண்டு லட்சம் அளவில் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் இறந்தோர் தொகை ஒரு லட்சத்தை எட்டும் என்போரும் உளர். அந்த ஆசியத் தொழிலாளருள் மிகப் பெரும் பிரிவினருள் ஒரு பிரிவினர், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள். வாந்திபேதியும் பசியும் அடியும் அவர்களைக் காட்டுக்குள்ளேயே புதைத்தன. போர்க்கைதிகளுக்குச் சிலுவை நாட்டிய மயானங்கள் உள்ளன, பெயர்ப்பட்டியல்கள் உள்ளன. தமிழ்க் கூலிக்கு அவை வாய்க்கவில்லை. நாவலாசிரியர் பூல் யுத்தத்துக்கு முன் மலாயாவிலே ரப்பர் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். தமிழ்த் தொழிலாளியை அவர் அறியாதவரல்லர். இருந்தும் அவருடைய கதையிலும் சரி, திரையிலும் சரி, ரயில்பாதை வெள்ளையரின் துயரமாகவே நின்றுவிட்டது.

கித்துல்கலவில் பாலத்தின் அடியால் ஓடிய நீர் எங்கிருந்து வந்தது? மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடியதே களனி கங்கை. மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்களின் உறவுமுறையினர், அதே திருச்சி, சேலம், புதுக்கோட்டைக் கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்கள், அந்த ஓயாக்களின் கரைகளிலே லயங்களில் வாழ்ந்துகொண்டிருந்தனர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, வாக்குரிமையும் பறிபோய் நின்றவர்கள் அவர்கள். பாலம் வெடிப்பதைப் பார்க்கப் பிரதமர் மலையடிவாரம்வரை வந்தார். அவ்வாண்டிலே அந்த மலையின்மேல் இருந்த லட்சக்கணக்கானோருக்கு அவர் பிரதமர். ஆயினும் அவர்கள் அவருடைய பிரஜைகளல்லர். ஆயுதமும் வெடியும் சீருடையும் பாலத்தின் ஒவ்வொரு மரமும் அசலாயிருக்க, ரயில்பாதையின் பிரதான தொழிலாளியே காணாமற்போன இப்படத்தைவிட, 'அசல்' என்னும் மோகத்தின் வெறுமையை விளக்க வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இதே காலத்தில் வந்த 'எலிஃபண்ட் வாக்' (1954) என்ற படம் நேரடியாகத் தேயிலைத் தோட்டத்தையே களமாகக் கொண்டது. எலிசபெத் டெய்லர் துரைசானியாக வந்தார். தொழிலாளர் அதில் வாந்திபேதியில் விழும் கூட்டமாக வருகின்றனர். இதற்குமேல் அப்படத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

இனி, மெய்யான தோட்டா. கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டைப் பிரதேசத்தில் முல்லோயா என்னும் தோட்டம் உள்ளது. சம்பள உயர்வு கோரி அங்கே தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10இல் பொலிசார் சுட்டனர். கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். தோட்டத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதற் பலியாக அவர் பெயரே சொல்லப்படுகிறது. விசாரணைக் கமிஷன் அமைந்தது. கோவிந்தனின் மனைவியின் சார்பில் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். முல்லோயா வழக்குகளைத் தள்ளிவைக்கும் விஷயத்தில் அமைச்சருக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் எழுந்த பிணக்கிலே கவர்னர் கல்டிகொட் பின்னவரை ஆதரித்ததால் மந்திரிசபையே இராஜினாமாச் செய்தது. ஒரு கூலியின் நெஞ்சில் பாய்ந்த ரவை கொழும்பில் மந்திரிசபையைக் கலைத்தது! வேலைநிறுத்த அலை ஊவாவரை பரவிற்று. அவ்வாண்டு ஜூனில் சமசமாஜக் கட்சியின் முன்னணித் தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துரைத் தோட்டமும் இதே ஹேவாஹெட்டையில்தான் இருக்கிறது. டெய்லர் உட்கார்ந்திருந்த கல்லிருக்கையைப் பார்க்க உல்லாசப் பயணிகள் மலையேறுகிறார்கள். முல்லோயாவுக்கு வழி கேட்பவர் அவர்களுள் யாருளர்?

முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்தன. தோட்டங்கள் அரசுடைமையாகிவிட்டன. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க முற்பட்டபோது, தங்கள் வேலையும் இருப்பும் போய்விடும் என்று தொழிலாளர் எதிர்த்து நின்றனர். 1977 மே மாதத்தில் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட, சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் மாண்டார். மலையகமே வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. காணிப் பறிப்புக் கைவிடப்பட்டது. வெள்ளைத்துரையின் காலத்து ரவைக்கும் சுதந்திர நாட்டின் ரவைக்கும் நிறவேற்றுமை இல்லை என்பதை டெவன் காட்டிற்று.

இச்சம்பவங்களை மேடைக்கோ திரைக்கோ கொண்டுவர எண்ணுவோர் இருக்கிறார்கள். இன்னும் பலர் வரவேண்டும் என்பதே எமது விருப்பம். அவர்கள் முன்னால் உடனே எழுவது இந்தத் துப்பாக்கிப் பிரச்சினைதான். 1940ஆம் ஆண்டைக் காட்டவேண்டுமானால் அந்த ஆண்டின் ரைபிள் வேண்டாமா என்று கேட்கிறார்கள். இங்கே ஒரு வேடிக்கையைச் சுட்டவேண்டும். 1916ஆம் ஆண்டிலிருந்து வரும் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி யாரும் துப்பாக்கி வைத்திருத்தல் இயலாது. பழைய இராணுவ ரைபிள் என்பது இந்நாட்டில் அரசின் கிடங்கிலன்றி வேறெங்கும் எளிதில் கிட்டுவதன்று. பொலிசார் தொழிலாளியைச் சுட்ட கதையை 'அசலாக'ச் சொல்ல விரும்புபவன், அதற்கான துப்பாக்கியை வேண்டி அரசின் வாயிலிலே நிற்கவேண்டும். கதையின் கையெழுத்துப் பிரதியைப் பார்க்கவேண்டுமென்று அவர்கள் கேட்டால் என்ன விடை சொல்வான்?

துப்பாக்கி மலையகத்தில் என்றுமே பொதுச் சொத்தாக இருந்ததில்லை. 1900இல் தொடங்கி 1949இல் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமாரின் ரைபிள் படை, ஐரோப்பியத் துரைமாரை மட்டுமே சேர்த்துக்கொண்டது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடக்கியபோது ஐரோப்பியத் தொண்டர்கள் ஆயுதம் தாங்கி நின்ற வரலாற்றைச் சிங்கள மக்களும் மறக்கவில்லை. பங்களாவின் சுவரிலே துப்பாக்கி தொங்கியது. லயத்திலே கவ்வாத்துக் கத்தியும் முள்ளும் இருந்தன. இந்த ஏற்றத்தாழ்வைக் காட்டாமல் துப்பாக்கியின் இலக்கத்தையும் அச்சையும் மட்டும் சரிபார்ப்பவன், ஆயுதக் கிடங்கின் கணக்கப்பிள்ளையே தவிரக் கலைஞன் அல்லன்.

அசல் வேண்டும் என்பதற்கு நாம் எதிரிகள் அல்லோம். யதார்த்தவாதத்தை வற்புறுத்தும் நாமே அசலை வேண்டாமென்றால் அது முரணாகும். ஆனால் எதிலே அசல்? அன்றைய அரைப்பெயர், முழுப்பெயர்க் கணக்கு அசலாக இருக்கட்டும். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும் தொனி அசலாக இருக்கட்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையினுள் எத்தனை பேர் படுத்தார்கள், புகை எங்கே போயிற்று, மழைநாளில் கம்பளியை எங்கே காயப்போட்டார்கள் என்பவை அசலாக இருக்கட்டும். வேலைநிறுத்த நாட்களில் அரிசி நிறுத்தப்பட்டபோது அடுப்பு எப்படி எரிந்தது என்பதைக் காட்டுங்கள். அதன்பின் காவற்காரனின் கையிலே மரக்கட்டையைக் கொடுத்தாலும் பார்ப்பவர் நடுங்குவர்.

'காந்தி' (1982) படத்தில் ஜலியன்வாலாபாக் காட்சியைப் பலரும் பார்த்திருப்பர். 1919 ஏப்ரல் 13இல் டயரின் படையாட்கள் சுட்டவை 1,650 தோட்டாக்கள். அரசின் கணக்குப்படியே மாண்டோர் 379 பேர். அப்படம் ரைபிள் வரிசையைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. வெடியோசை மண்டபத்தை உலுக்குகிறது. திறமையான காட்சிதான். ஆயினும் அதனைப் பார்த்து வெளியேறுபவன் நினைவில் தங்குவது டயரும் அவனுடைய கட்டளையும் ரைபிள்களின் ஒழுங்குமே. 2021இல் வந்த 'சர்தார் உதம்' வேறு வழியை நாடிற்று. சூட்டுக்குப் பின்னால் வரும் இரவு முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. ஓர் இளைஞன் குற்றுயிராய்க் கிடப்பவர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஏற்றிக் கொண்டுபோகிறான், திரும்பி வருகிறான், மறுபடி ஏற்றுகிறான். கைகள் சோர்ந்து போகின்றன, ஆட்கள் தீரவில்லை. அப்படத்தில் வேறு குறைகள் உண்டு, நீளமும் ஒன்று. ஆனால் இந்தப் பகுதியில் அது கண்டது பெரிய உண்மை. துப்பாக்கிச் சூடு என்பது வெடிக்கும் கணம் மட்டுமன்று. தூக்கிச் செல்பவனின் தோள்வலியும் அதிலே சேர்ந்தது.

எமது செய்திப் பத்திரிகைகளின் தமிழையும் இங்கே நோக்கவேண்டும். "துப்பாக்கிப் பிரயோகம் இடம்பெற்றது; அதில் ஒருவர் பலியானார்" என்று எழுதுகிறார்கள். மழை பெய்ததுபோல, மண் சரிந்ததுபோல, பிரயோகம் தானாக இடம்பெறுகிறது! எழுவாயே இல்லை. சுட்டவன் வாக்கியத்திலிருந்து தப்பியோடிவிட்டான். "ஆகாயத்தை நோக்கிச் சுட்டனர்" என்ற இன்னொரு வாக்கியமும் உண்டு; ஆகாயத்தை நோக்கிச் சுட்ட ரவை தொழிலாளியின் மார்பில் இறங்கும் அதிசயத்தை எந்தப் பௌதிக ஆசிரியரும் விளக்கியதில்லை. பழைய ரைபிளைத் தேடியலையும் கலைஞன் முதலில் இந்த வாக்கியத்தைத் திருத்தட்டும்.

தொழிலாளரே தம் சரித்திரத்தை நடித்துக் காட்டிய உதாரணங்கள் உலகில் உண்டு. அமெரிக்காவில் பாட்டர்சன் பட்டாலைத் தொழிலாளர்கள் 1913இல் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்கையிலேயே, ஜூன் 7ஆம் நாள், நியூயோர்க்கின் மடிசன் சதுக்க மண்டபத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மேடையேறித் தங்கள் போராட்டத்தைத் தாங்களே நடித்தனர். பின்னாளில் ரஷ்யப் புரட்சியைக் கண்டெழுதிய ஜோன் ரீட் அதை அமைத்தவர்களுள் முக்கியமானவர். கம்பெனியின் கூலிப்படையினர் சுட்டதில் தன் வீட்டு வாசலில் நின்றவாறே இறந்த வாலண்டினோ என்பவரின் சவ ஊர்வலமே அதில் உச்சக் காட்சி. சவப்பெட்டி பார்வையாளரின் நடுவாகவே மேடைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வேலைநிறுத்தக்காரர் ஒவ்வொருவராய்ச் சிவப்பு மலரை அதன்மேல் வைத்தனர். நிகழ்ச்சியால் பணம் சேரவில்லை, நட்டமே வந்தது. வேலைநிறுத்தமும் பின்னர் தோற்றது. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சவ ஊர்வலக் காட்சி ஒரு நூற்றாண்டு கழிந்தும் பேசப்படுகிறது.

இங்கிலாந்தில் 1984 ஜூன் 18இல் ஓர்கிரீவ் என்னுமிடத்தில் வேலைநிறுத்தச் சுரங்கத் தொழிலாளரைக் குதிரைப் பொலிசார் தாக்கினர். 2001இல் ஜெரமி டெல்லர் என்ற கலைஞர் அதனை அதே ஊரில் மீண்டும் நடத்திக் காட்டினார். நடித்தவர் ஏறக்குறைய ஆயிரம் பேர். பெரும்பாலோர் நாம் தொடக்கத்தில் சொன்ன போர்நடிப்புச் சங்கத்தினர். இருநூறு பேரளவில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர். அரசர்களின் போரை நடித்துப் பழகிய சங்கத்தினர், தங்கள் அருகிலே நின்று மெய்யாகவே கோபம் கொள்ளும் மனிதர்களைக் கண்டனர். பொழுதுபோக்கையும் இவ்வாறு திருப்பிப் பயன்கொள்ள இயலும்.

எமது மண்ணிலும் இதற்கு அடிப்படை உண்டு. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் காமன் கூத்து நடக்கிறது. மன்மதன் எரியப்போவது எல்லோருக்கும் தெரியும். சென்ற ஆண்டும் எரிந்தான், அதற்கு முந்திய ஆண்டும் எரிந்தான். இருந்தும் ரதியின் புலம்பல் எழும்போது கிழவிகள் கண்ணீர் விடுகிறார்கள். சிவனின் நெற்றிக்கண் அசலா என்று எவரும் கேட்டதில்லை. 2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடித்த நடைபயணமும் ஒருவகையில் சரித்திரத்தை மீள நடித்தலே. முன்னோர் காட்டுவழியே நடந்து செத்த பாதையில் வழித்தோன்றல்கள் நடந்தனர். அவர்கள் கையில் எடுத்துச் சென்றவை கோரிக்கைகள்: காணி, வீடு, கூலி, சமத்துவம். நடந்த கால் அசல், கொப்புளமும் அசல்.

வெற்றுத் தோட்டாவை மலையகத்தில் வெடிக்க எண்ணுவோர் மனதிற் கொள்ளவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 1977இலும் 1983இலும் லயங்கள் எரிந்ததைக் கண்ட முதியோர் இன்னும் வாழ்கின்றனர். பள்ளத்தாக்கில் எழும் வெடி மலைகளில் மோதிப் பலவாகத் திரும்பும். படப்பிடிப்புக் கம்பெனி தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்றுவிட்டால் போதுமென்று நினைக்கிறது. லயத்திலே பிள்ளை உறங்கவைக்கும் பாட்டியிடம் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. கொழுந்து மலையிலே நிற்கும் பெண்களைக் கூட்டமாகத் திரட்டி, ஓடச் சொல்லி, விழச் சொல்லி, ஒரு நாட்கூலியைக் கொடுத்து அனுப்பும் வழக்கத்தையும் கேள்விக்குள்ளாக்கவேண்டும். விழுபவருக்கு அருகில் எவ்வளவு தூரத்தில் துப்பாக்கி வெடிக்கும், குழலைப் பரிசோதித்தவர் யார், காயம் பட்டால் நட்டஈடு யார் தருவார் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. தொழிற்சங்கங்கள் இதையும் தம் வேலையாகக் கொள்ளலாம். கணினியால் குழல்வாய்த் தீயை வரையக்கூடிய இந்நாளில், மெய்வெடியே வேண்டுமென அடம்பிடிப்பதற்கு வீம்பைத் தவிர வேறு காரணத்தைக் காண்பது அரிது.

முல்லோயாவை நடிக்க விரும்பும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் எமது யோசனை இது. கமிஷன் அறிக்கையையும் அந்நாளைய அரசாங்க சபை விவாதங்களையும் தேடிப் படியுங்கள். வெடியோசைக்குத் தப்பு இருக்கிறது. விடியலில் ஆட்களை எழுப்பியதும், பிரட்டுக்கு அழைத்ததும், சாவு வீட்டிலே முழங்கியதும் அதுவே. அடிப்பதற்கு முன் தப்பின் தோலைத் தீயிலே வாட்டி இறுக்கவேண்டும். ஈரக்காற்று வீசும் நுவரெலியாவிலோ இன்னும் சிறிது நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் தப்புக்காரர் தீயருகே குந்தியிருந்து, தோலை விரலால் தட்டித் தட்டிக் காது கொடுப்பார். நாடகத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.